கடைசி ஆளின் கட்சி

"ஒரு பெரிய ஆளைப் பிடித்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." அமெரிக்காவில் ஜூலை மாதம் பிறந்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்கள் வாயில் இந்தப் பல்லவிதான். அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்வதற்கு அந்த மாதக் கடைசியை ஒட்டி ஒரு கெடு உண்டு. பட்டத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் அணி எதுவானாலும் சரி, அதன் ரசிகர்கள் பேர்பெற்ற பந்து வீச்சாளர் ஒருவரை வாங்கச் சொல்லிக் கூச்சல் போடுகிறார்கள். முதலாளியும் பையை அவிழ்க்கிறார். வருகிறவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, "இனிக் கவலை இல்லை" என்று பத்திரிகைகளும் ஒத்து ஊதுகின்றன.

நான் இந்தப் பல்லவிக்கு எதிர்க்கட்சி. பட்டத்தை வென்று தருகிறவர் முதல் வீச்சாளர் அல்ல. எட்டாவது வீச்சாளர், பத்தாவது வீச்சாளர். இதுதான் என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: ஒரே கையை நம்பி நிற்கும் அணி அந்தக் கையைக் கௌரவிக்கவில்லை, அதைத் தின்றுகொண்டிருக்கிறது.

நாவல் எழுதுகிறவனுக்குப் பேஸ்பாலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 அக்டோபர் 28-ஆம் தேதி விடிகாலை, காப்பி கலப்பதற்கு முன்னாலேயே, தொலைக்காட்சியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அப்போது 27-ஆம் தேதி மாலை. வேர்ல்ட் சீரீஸ் என்னும் இறுதிப் பந்தயத்தின் மூன்றாவது ஆட்டம். உள்ளூர் டாட்ஜர்ஸ் அணிக்கும் டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணிக்கும் போட்டி. ஒன்பது இன்னிங்ஸில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் சமமாகவே நின்று பதினெட்டாவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. மொத்தம் ஆறு மணி முப்பத்தொன்பது நிமிஷம்! உள்ளேயிருந்து "சாப்பிட வருகிறீர்களா, இல்லையா?" என்ற குரல் இரண்டாம் முறையாக வந்தபோதுதான் ஆட்டம் முடிந்தது.

ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன்னால் டாட்ஜர்ஸ் 6-5 என்று ஜெயித்தது. ஊரெல்லாம் ஃப்ரீமனைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என் மனசு வேறொருவரிடம் போய் ஒட்டிக்கொண்டது. பதினைந்தாவது இன்னிங்ஸில், அணியின் மாற்று வீச்சாளர்களில் மிச்சமிருந்த கடைசி ஆளாக வில் க்ளைன் என்பவர் வந்தார். சாதாரணமாக ஓர் இன்னிங்ஸ், மிஞ்சிப் போனால் இரண்டு இன்னிங்ஸ் வீசுகிற மனிதர். அன்று நான்கு இன்னிங்ஸ் வீசினார், 72 பந்துகள், ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். அன்று பிடித்த யோசனையின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒருமுறை வீசுகிறவர் மாறுகிறார். களைத்தவர் எல்லைக்கோட்டோரம் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் வந்து வீசலாம். பேஸ்பாலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. வீசுகிறவர் வீசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவரை மாற்றி ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டால் அன்றைக்கு அவர் திரும்பி வரவே முடியாது. ஓடி வந்து வேகம் எடுப்பதும் இல்லை. நின்ற இடத்திலிருந்து காலைத் தூக்கி வைத்து, உடம்பின் முழுப் பலத்தையும் தோளிலும் முழங்கையிலும் செலுத்தி எறிய வேண்டும். நூறு முறை அப்படி எறிந்த கைக்கு நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். இந்த ஓய்வு என்னும் ஒரு வஸ்துவில்தான் பேஸ்பாலின் ராஜதந்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பருவத்துக்கு 162 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் 1458 இன்னிங்ஸ். 2024-இல் முப்பது அணிகளிலும் சேர்த்து 200 இன்னிங்ஸ் வீசி முடித்தவர்கள் நான்கே நான்கு பேர். ஓர் அணியில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதன்மை வீச்சாளர்கள் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் ஒரு நாள்கூடப் படுக்காமல் ஆளுக்கு 160 இன்னிங்ஸ் வீசினாலும் 800-தான் ஆகிறது. மிச்சம் 658 இன்னிங்ஸை யார் வீசுவது? "பெரிய ஆள்" பல்லவி பாடுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. படத்தில் முகம் தெரியாத பேர்வழிகள் யாரோ வீசிவிடுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அந்த 'யாரோ'வைத்தான் நான் பெயர் சொல்லி அழைக்க விரும்புகிறேன்.

அப்படி நினைத்துக் கெட்டவர்களின் கதை ஒன்று உண்டு. 1964-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். பிலடெல்பியா பில்லீஸ் அணி, இன்னும் பன்னிரண்டே ஆட்டங்கள் பாக்கியிருக்க, ஆறரை ஆட்டம் முன்னணியில் இருந்தது. பட்டம் கைக்குள் வந்துவிட்டது என்றே ஊர் நினைத்தது. அந்த அணியில் ஜிம் பன்னிங், கிறிஸ் ஷார்ட் என்று இரண்டு அருமையான வீச்சாளர்கள். அந்த ஜூன் 21-ஆம் தேதி பன்னிங் ஓர் ஆட்டம் முழுவதும் வீசி எதிராளி ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்ட விடவில்லை, அப்படிப்பட்ட கை. செப்டம்பர் 21-இல் தோல்வி தொடங்கியதும் மானேஜர் ஜீன் மாக் கலங்கிப்போனார். மற்றவர்களை நம்ப அவருக்கு மனம் வரவில்லை. நம்பும்படியாக அவர்களைத் தயார் செய்து வைத்திருக்கவும் இல்லை. டென்னிஸ் பென்னட்டுக்குக் கை வலி. ஆகவே பன்னிங்கும் ஷார்ட்டும், ஷார்ட்டும் பன்னிங்கும். 22-ஆம் தேதி வீசிய ஷார்ட் 25-இல் வந்தார், 28-இல் மறுபடியும் வந்தார். 24-ஆம் தேதி வீசிய பன்னிங் 27-இல் வந்தார், 30-இல் மறுபடியும் வந்தார். நடுவில் இரண்டே நாள் ஓய்வு. கடைசிப் பன்னிரண்டு ஆட்டங்களில் எட்டை இந்த இருவருமே தொடங்கினார்கள்.

விளைவு? தொடர்ந்து பத்துத் தோல்வி. பன்னிங்கின் அந்த மூன்று ஆட்டங்களும் தோல்வி. பட்டம் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் போயிற்று. இப்போது கார்டினல்ஸ் பக்கம் பாருங்கள். அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் 38 வயது நிறைந்த பார்னி ஷுல்ட்ஸ் என்ற மனிதர்; சுழலாமல் மிதந்து வரும் நக்கிள்பால் வீசுகிறவர். வேகம் இல்லை, பெயர் இல்லை. பருவத்தின் நடுவில் மைனர் லீக்கிலிருந்து அழைத்து வந்தார்கள். வந்தவர் முப்பது ஆட்டங்களில் வீசி, பதினான்கு வெற்றிகளை நழுவவிடாமல் காத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் களைத்துச் சாய்ந்தன. மறுபக்கம் ஒரு கிழட்டுக் குதிரை வண்டியை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "அதே 1964 வேர்ல்ட் சீரீஸில் கார்டினல்ஸின் பாப் கிப்ஸன் இரண்டு நாள் ஓய்வில் வந்து ஏழாவது ஆட்டத்தை ஜெயிக்கவில்லையா? மறுவருஷம் டாட்ஜர்ஸின் ஸாண்டி கோஃபாக்ஸ் அதே இரண்டு நாள் ஓய்வில் வந்து மினஸோட்டாவை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் மடக்கவில்லையா?" என்று கேட்பார்கள். வாஸ்தவம். கடைசி நாள் ஆட்டம் என்பது வேறு சமாசாரம். வீடு பற்றி எரியும்போது எழுபது வயதுப் பாட்டிகூடக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அதற்காக மறுநாளிலிருந்து தினமும் பாட்டியே தண்ணீர் சுமக்கட்டும் என்று ஏற்பாடு செய்கிற குடும்பத்தை என்னவென்று சொல்வது?

கோஃபாக்ஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் 335 இன்னிங்ஸ். 1966-இல் 323 இன்னிங்ஸ், 27 வெற்றிகள். அவரைப் போல் வீசியவர் அந்தக் காலத்தில் இல்லை. அந்த 1966 நவம்பரிலேயே அவர் விலகிக்கொண்டார். இடது முழங்கையில் மூட்டுவாதம். வயது முப்பது! அவர் வீசிய ஆட்டங்களைப் புகழ்ந்து புத்தகம் எழுதுகிறவர்கள், வீசாமலே போன ஆட்டங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இன்னும் பின்னால் போனாலும் கதை இதேதான். 1904-இல் நியூயார்க் ஹைலாண்டர்ஸ் அணியின் ஜாக் செஸ்ப்ரோ ஒரே பருவத்தில் 41 ஆட்டங்களை வென்றார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு அதை மிஞ்சியவர் இல்லை. அக்டோபர் 7-ஆம் தேதி வீசினார். 8-ஆம் தேதி வீசினார். 10-ஆம் தேதி, பட்டம் யாருக்கு என்று தீரும் நாளில், மறுபடியும் வந்தார். நான்கு நாளில் மூன்றாவது முறை. ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் எறிந்த பந்து ஒன்று பிடிப்பவர் கைக்கு எட்டாமல் பறந்தது, பாஸ்டன் ஜெயித்தது, பட்டம் போயிற்று. நாற்பத்தொரு வெற்றி தேடித் தந்தவரை அந்த ஒரு பந்துக்காக வாழ்நாள் பூராவும் பேசினார்கள். பந்து தவறியது கையின் குற்றமா, அந்தக் கையிடமே மூன்றாவது முறையும் பந்தைக் கொடுத்தவர்களின் குற்றமா?

"அப்படியானால் யமமோட்டோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். அதே 2025 வேர்ல்ட் சீரீஸில் டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி வென்றார். மறுநாளே, ஓய்வு என்பதே இல்லாமல், ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து, பதினொன்றாவது இன்னிங்ஸில் 5-4 என்று முடித்துக் கொடுத்தார். அசகாய சூரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாவது ஆட்ட இரவில், க்ளைன் பதினெட்டாவது இன்னிங்ஸை வீசிக்கொண்டிருந்தபோது, மைதானத்து ஓரத்து அடைப்பில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? இந்த யமமோட்டோதான். இரண்டு நாளைக்கு முன்புதான் ஓர் ஆட்டம் முழுவதையும் தனியாக வீசியவர். க்ளைன் சரிந்திருந்தால் அவர் அன்றே இறங்கியிருப்பார். க்ளைன் சரியவில்லை, ஆகவே யமமோட்டோவுக்கு நாலு நாள் கிடைத்தது. முதல் ஆளின் வீரத்துக்கு முதல் போட்டவன் கடைசி ஆள்!

இதே டாட்ஜர்ஸ் முந்திய வருஷமும் இந்தப் பாடத்தைப் படித்துத் தேறியிருந்தது. 2024-இல் அவர்களுடைய முதன்மை வீச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கை கெட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி சான் டியேகோவிடம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற ஆட்டத்தில் தொடங்கிவைக்கத் தகுந்த பெரிய ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. எட்டு வீச்சாளர்கள் ஒருவர் விட்ட இடத்தில் ஒருவராகத் தொடர்ந்து வீசினார்கள், எதிரிக்கு ஒரு ரன்கூட இல்லை, 8-0. அந்த மாதக் கடைசியில் பட்டமும் வந்தது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, என் கட்சி ஜெயித்துவிட்டது என்று நான் பேனாவை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு கட்சி ஜெயித்தவுடன் அதற்குள் போலிகள் புகுந்துவிடுவது உலக வழக்கம். இந்தக் காலத்து நிர்வாகிகள் "எங்களுக்கும் ஆழம் வேண்டும், நிறைய வீச்சாளர்கள் வேண்டும்" என்று என் கட்சியின் கோஷத்தையே முழங்குகிறார்கள். எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

ஓர் அணியின் பட்டியலில் 26 பேர். அதில் வீச்சாளர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. இதற்கு வெளியே மைனர் லீக்கில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இன்று களைத்தவனைக் கீழே அனுப்பு, நாளைக்கு ஒருவனை மேலே கூப்பிடு. ஒரே ஆளை இப்படி வருஷத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் கீழே தள்ளக் கூடாது என்று 2022-இல் விதியே போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் நடந்த கூத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். வந்தவனிடம் என்ன சொல்கிறார்கள்? "உனக்கு ஓர் இன்னிங்ஸ்தான். இருப்பதையெல்லாம் போட்டு எறி." 2008-இல் மணிக்குச் சராசரி 91 மைலாக இருந்த வேகப்பந்து 2024-இல் 94 மைலாகிவிட்டது. முழு வேகத்துக்காக ஒவ்வொரு பந்திலும் உடம்பை முறுக்குவதுதான் கைகள் கெடுவதற்குப் பெரிய காரணம் என்று 2024 டிசம்பரில் லீக் நிர்வாகமே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

1974-இல் டாமி ஜான் என்ற வீச்சாளருக்கு முழங்கைத் தசைநார் அறுந்தபோது, டாக்டர் ஃப்ராங்க் ஜோப் வலது மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். அறுந்த கை 1976-இல் திரும்பி வந்து, 1989 வரை வீசி, இன்னும் 164 வெற்றிகளைச் சம்பாதித்தது. அற்புதமான வைத்தியம். அந்த அற்புதத்தையே சாக்காக வைத்துக்கொண்டு, "அறுந்தால் தைத்துக்கொள்ளலாம், தைக்கும்வரை வேறொருவன் இருக்கிறான்" என்று நினைப்பது எந்த ஊர் நியாயம்? ஒரே கையைத் தின்பது பழைய பாவம். பல கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது புதிய பாவம். இரண்டாவதற்குப் பெயர் ஆழம் அல்ல, விறகுக் கிடங்கு.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், பணத்தைப் பற்றிப் பேசாத நியாயம் பாதி நியாயம். பெரிய லீக்கில் 2025-இல் ஒருவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 7,60,000 டாலர். அதற்கு ஒரே படி கீழே, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரத் தயாராக நிற்கிறானே, அவனுடைய குறைந்தபட்சம் 2022 வரை 17,500 டாலர். மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்து 2023-இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது 35,800 ஆயிற்று. அதற்குள், 2021-இல், பெரிய அணிகளோடு இணைந்திருந்த மைனர் லீக் அணிகளின் எண்ணிக்கையை 160-லிருந்து 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாற்றங்காலைச் சுருக்கிவிட்டு அறுவடைக்கு அரிவாளைத் தீட்டுகிற விவசாயியை நான் கண்டதில்லை.

நாற்றங்கால் என்றால் என்ன என்று அமெரிக்கர்களுக்குத் தெரியாதா? 1920-களிலேயே கார்டினல்ஸின் ப்ராஞ்ச் ரிக்கி, பணக்கார அணிகளோடு ஏலத்தில் போட்டி போட முடியாது என்று கண்டு, சிறிய ஊர் அணிகளை வாங்கி ஆட்களை அங்கேயே வளர்த்தெடுத்தார். அந்த முறைக்கே பண்ணை என்றுதான் பெயர். ரிக்கி தர்மப்பிரபு அல்ல. சம்பளம் கொடுப்பதில் மகா கெட்டி. ஆனாலும் கடைசி ஆளையும் ஒருவர் வளர்த்தாக வேண்டும், அவன் தானாக முளைப்பதில்லை என்ற உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டால், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏழாவது, எட்டாவது வீச்சாளரை ஏப்ரல், மே மாதங்களிலேயே உண்மையான ஆட்டங்களில் இறக்குங்கள். தீப்பிடித்த பிறகு வாளியைத் தேடாதீர்கள். மைனர் லீக்கில் இருப்பவனை ஓர் இன்னிங்ஸ் வெடிகுண்டாக மாற்றாமல், ஐந்து இன்னிங்ஸ் தாங்கும் ஆளாகப் பழக்குங்கள். கீழே அனுப்பும்போது காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள். மனைவி மக்களோடு வீட்டு வாடகை கொடுத்து வாழ்வதற்குப் போதுமான கூலியைக் கொடுங்கள். முதல் வீச்சாளர் "எனக்குக் கை வலிக்கிறது" என்று வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய இடமாக அணியை வைத்திருங்கள். பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? யோசித்துப் பார்த்தேன். தொடர்கதை எழுதுகிற நானும் இந்தக் குற்றத்தில் பங்காளிதான். கதாநாயகனுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். அவனுக்குச் சோறு பொங்கிப் போட்ட சமையற்காரன் பதினெட்டாவது அத்தியாயத்துக்குப் பிறகு எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் நானும் எழுதுவதில்லை. பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லும் இந்தப் பேனாவும் அவர்கள் தொட்டு எழுதுகிற மையைத் தொட்டுத்தான் எழுதுகிறது.

அதனால் ஒரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் வீச்சாளர் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். கடைசிப் பெயர் யாருடையது, எத்தனை பந்து வீசினான், எத்தனை நாளைக்கு முன் வீசியவன் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். ஜூலை பிறந்து, "ஒரு பெரிய ஆளை வாங்கினால் போதும்" என்று உங்கள் காதில் யாராவது பாடினால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் அணியின் பத்தாவது வீச்சாளர் பெயர் என்ன? பெயர் தெரியாமல் அவர் விழித்தால், அக்டோபரில் பதினைந்தாவது இன்னிங்ஸ் வரும்போது யாரைக் கூப்பிடப்போகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.